நச்சு மூலக்கூறுகளை அகற்றும் நானோ துகள்கள்

உடலில் இருக்கக் கூடாத ஒரு மூலக்கூறைப் பிடித்து வெளியேற்றுவதும், கட்டிப்போட்டுச் செயலிழக்க வைப்பதும், சிதைத்து ஒழிப்பதும் மருத்துவத்தின் பழைய வழிகள். அழற்சி நோய்களுக்கும் புற்றுநோய்க்கும் இந்த வழியைக் கையாள முடியுமா என்று ஆராய, சுமார் 15 ஆண்டுகளாக நானோ பொருள்கள் உருவாக்கப்பட்டு வருகின்றன. ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கிட்டால் கிடைக்கும் ஒரு பங்கு. இந்த ஆய்வில் பயன்படும் துகள்கள் பெரும்பாலும் சில நானோமீட்டரிலிருந்து இருநூறு நானோமீட்டர் வரை அளவுள்ளவை. அளவு சிறுக்கச் சிறுக்க, ஒரு கிராம் பொருளுக்குக் கிடைக்கும் மேற்பரப்பு பெருகும். மூலக்கூறுகள் வந்து ஒட்டுவது மேற்பரப்பில்தான். ஆகவே மிகக் குறைந்த எடையுள்ள துகளால் மிகப் பல மூலக்கூறுகளைப் பிடிக்க முடிகிறது.

அகற்றுதல் என்ற இந்த வழி எவ்வளவு பயன்படும், எங்கே போதாமல் போகும் என்பதைக் கள்ளக்குறிச்சி மாவட்டம் பெருந்துயரத்தின் மூலம் அறிந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பாதிக்கப்பட்டவர்கள் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என்று பல இடங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். மெத்தனால் கல்லீரலில் முதலில் ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாறுகிறது. அந்த அமிலந்தான் கண்நரம்பைக் கெடுக்கிறது; செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாமல் செய்து உயிரைப் பறிக்கிறது. இத்தகைய நோயாளிக்கு டயாலிசிஸ் செய்தால் மெத்தனாலும் அமிலமும் ஒருசேர வெளியேறும். உரிய நேரத்தில் செய்யும்போது உயிர் பிழைக்கிறது.

இங்கே டயாலிசிஸ் பலன் தருவதற்கு மூலக்கூறின் சிறுமையே காரணம். மெத்தனாலின் மூலக்கூற்று எடை 32, ஃபார்மிக் அமிலத்தின் எடை 46. டயாலிசிஸ் சவ்வின் துளைகளில் இவை தடையின்றிப் புகுந்துவிடும். முடக்குவாதத்தில் மூட்டை அரிக்கும் மூலக்கூறுகளும், புற்றுக்கட்டியைச் சுற்றிக் குவியும் மூலக்கூறுகளும் அப்படிப்பட்டவை அல்ல. அவற்றில் முக்கியமான ஒன்று, இறந்த செல்களிலிருந்து சிந்தும் டிஎன்ஏ. அது ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றியபடி இரத்தத்தில் மிதக்கிறது. அதன் மிகச் சிறிய துண்டின் எடையே சுமார் 2 லட்சம். டயாலிசிஸ் சவ்வு, எடை 66 ஆயிரமுள்ள ஆல்புமின் புரதத்தையே வெளியே விடாதபடி செய்யப்பட்டது. இரு லட்சம் எடையுள்ள பொருள் அதில் எப்படிப் போகும்? மேலும், அழற்சி மூலக்கூறுகள் பெருமளவில் இருப்பது இரத்தத்தில் அல்ல. வீங்கிய மூட்டுக்குள்ளும் கட்டிக்குள்ளும்தான். அங்கே சென்று சேரும் ஒரு பொருள் வேண்டும். நானோ துகள்களின் தேவை இங்கிருந்து தொடங்குகிறது.

மனித இரத்தத்தில் செல்லுக்கு வெளியே நியூக்ளிக் அமிலங்கள் இருப்பதை மாண்டெல், மெதே என்ற இரு பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1948-லேயே கண்டறிந்தனர். அப்போது அதை யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. நலமாக இருப்பவரின் உடலிலும் நாள்தோறும் கோடிக்கணக்கான செல்கள் இறக்கின்றன. சிந்தும் டிஎன்ஏவை நொதிகளும் கல்லீரலும் உடனுக்குடன் துப்புரவு செய்துவிடுகின்றன. செல்கள் கூட்டமாக இறக்கும்போதுதான் சிக்கல். பெருங்காயம், கடும் தொற்று, தன்னெதிர்ப்பு நோய்கள், புற்றுநோய், புற்றுநோய்க்குத் தரப்படும் கீமோ, கதிர்வீச்சு ஆகிய எல்லாவற்றிலும் அது நிகழ்கிறது.

சிந்திய டிஎன்ஏ ஏன் தீங்கு செய்கிறது? நோய் எதிர்ப்புச் செல்களுக்குள் டோல் போன்ற ஏற்பிகள் என்ற உணர்விகள் உள்ளன. ஒன்பதாம் எண் ஏற்பி பாக்டீரியாவின் டிஎன்ஏவை அறிவதற்காக அமைந்தது; மூன்று, ஏழு, எட்டாம் எண் ஏற்பிகள் வைரசின் ஆர்என்ஏவை அறிகின்றன. உடலின் சொந்த டிஎன்ஏவும் ஆர்என்ஏவும் அளவுக்கு மீறிக் குவிந்து இந்த ஏற்பிகளை எட்டிவிட்டால், கிருமி புகுந்துவிட்டதாகவே செல் கருதிக்கொள்கிறது. டிஎன்எஃப் ஆல்ஃபா, இன்டர்லூக்கின் 6 போன்ற அழற்சிப் புரதங்கள் வெளிப்படுகின்றன. அவை மேலும் சில செல்களைக் கொல்ல, மேலும் டிஎன்ஏ சிந்துகிறது. அழற்சி தணியாமல் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் வட்டம் இது.

2004-இல் பெர்லின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதில் இன்னொரு காரணத்தைச் சேர்த்தனர். நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு தன் டிஎன்ஏவையே வலையாக வெளியே வீசிக் கிருமியைச் சிக்க வைக்கிறது என்று அவர்கள் காட்டினர். தொற்றின்போது உயிர்காக்கும் அந்த வலை, கிருமியே இல்லாத இடத்தில் வீசப்படும்போது மூட்டையும் இரத்தக்குழாயையும் சேதப்படுத்துகிறது. நுரையீரலில் உறங்கிக் கிடக்கும் புற்றுச் செல்களை இந்த வலைகள் விழிக்கச் செய்து பெருகவைப்பதாக 2018-இல் எலிகளில் நடந்த ஓர் ஆய்வு தெரிவித்தது. அழற்சிக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டு என்று 19-ஆம் நூற்றாண்டில் ருடால்ஃப் ஃபிர்கோ எழுதிய கருத்துக்கு மூலக்கூறு அளவில் கிடைத்த விளக்கங்களுள் இதுவும் ஒன்று.

டிஎன்ஏவின் முதுகெலும்பில் பாஸ்பேட்டுகள் வரிசையாக அமைந்திருப்பதால் அது எதிர்மின்னேற்றம் கொண்டது. நேர்மின்னேற்றம் கொண்ட பொருள் எதுவும் அதைப் பற்றிக்கொள்ளும். மரபணு சிகிச்சை ஆய்வாளர்கள் செல்லுக்குள் டிஎன்ஏவைக் கொண்டுசெல்ல நேர்மின் பாலிமர்களைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வந்தனர். கொண்டுபோய் விடும் பாலிமரை அகற்றுவதற்கும் பயன்படுத்தலாமே என்று எண்ணியவர்கள் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புரூஸ் சலெஞ்சரும் அப்போது அங்கிருந்த காம் லியோங்கும். அவர்களுடைய குழு 2011-இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய பாலிமர்கள் நியூக்ளிக் அமிலங்களைப் பற்றி, டோல் ஏற்பிகள் தூண்டப்படாமல் தடுத்தன; கடும் கல்லீரல் சேதத்துக்கு ஆளாக்கப்பட்ட எலிகளையும் காப்பாற்றின. மருத்துவச் சிந்தனையில் இது நல்ல திருப்பம். அழற்சியை அடக்கும் பழைய மருந்துகள் எதிர்ப்புச் செல்லின் வாயை அடைக்கின்றன. இந்தப் பாலிமரோ செல்லைத் தூண்டும் பொருளையே விலக்குகிறது. உண்மையான கிருமியை எதிர்க்கும் திறன் அதனால் குறையாமல் இருக்கும் என்பது எதிர்பார்ப்பு.

இதில் ஒரு தடங்கல் உண்டு. செல்லின் மேற்புறச் சவ்வும் எதிர்மின்னேற்றம் கொண்டதே. தனித்து அலையும் நேர்மின் பாலிமர் அந்தச் சவ்வையும் பற்றிக் கிழித்துவிடும். இந்த நச்சுத்தன்மையைக் குறைக்கத்தான் பாலிமரைத் துகளாக்கும் முயற்சி வந்தது. கரைந்து போகும் தையல் நூல்களில் நெடுநாளாகப் பயன்படும் பிஎல்ஜிஏ என்ற மக்கும் பாலிமரைக் கருவாக வைத்து, நேர்மின் சங்கிலிகளை வெளிப்புறத்தில் அமைத்த துகளைச் சீன, அமெரிக்க ஆய்வாளர்கள் உருவாக்கி 2018-இல் முடக்குவாதம் உண்டாக்கப்பட்ட எலிகளுக்குச் செலுத்தினர். கணுக்கால் வீக்கம் தணிந்தது. எலும்பும் குருத்தெலும்பும் அரிபடுவது குறைந்தது. தனிப் பாலிமரைவிடத் துகள் வீங்கிய மூட்டில் நெடுநேரம் தங்கியது. அழற்சியுள்ள இடத்தில் இரத்தக்குழாய்ச் சுவர் கசிவதால் துகள்கள் அங்கே இயல்பாகவே இறங்கிச் சேர்கின்றன. அடுத்து 2020-இல், துளைகள் நிறைந்த சிலிக்கா துகள்களின் மேல் நேர்மின் பாலிமரைப் பூசிக் செப்சிஸ் என்ற கடும் தொற்று அழற்சி உள்ள எலிகளில் சோதித்தனர். அங்கும் பலன் தெரிந்தது. கணையப் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவுவதை நேர்மின் பாலிமர் குறைத்ததாகவும் எலி ஆய்வு உள்ளது. இவை எல்லாம் விலங்குகளில் கிடைத்த முடிவுகள் என்பதை மறக்கலாகாது.

இந்தியாவில் இதே கருத்தை வேறு பாதையில் எட்டியவர் மும்பை டாட்டா நினைவு மையத்தின் அறுவை மருத்துவரும் ஆய்வாளருமான இந்திரனீல் மித்ரா. நவி மும்பை கார்கரில் உள்ள அந்த மையத்தின் ஆய்வுக் கிளையில் அவருடைய குழு, இறக்கும் செல்களிலிருந்து வெளிப்படும் குரோமாட்டின் (ஹிஸ்டோனோடு சேர்ந்த டிஎன்ஏ) துகள்களைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. இத்துகள்கள் அருகிலுள்ள நலமான செல்களுக்குள் நுழைந்து, அவற்றின் மரபணுத் தொகுதியோடு இணைந்து, டிஎன்ஏவை முறித்து, அழற்சியையும் தூண்டுகின்றன என்பது 2015 முதல் வெளியான கட்டுரைகளில் அக்குழு முன்வைக்கும் கருத்து.

கீமோ பெறுபவர்களுக்கு முடி கொட்டுவதும் வாய்ப்புண் வருவதும் இரத்த அணுக்கள் குறைவதும் மருந்தின் நேரடி விளைவு என்றே பாடநூல்கள் கூறுகின்றன. மருந்தால் முதலில் இறக்கும் செல்களிலிருந்து சிந்தும் குரோமாட்டின், அடுத்தடுத்த செல்களைத் தாக்குவதும் அதற்குப் பெருங்காரணம் என்கிறது மித்ராவின் குழு. 2017-இல் வெளியான எலி ஆய்வில் மூன்று பொருள்களை அவர்கள் ஒப்பிட்டனர். முதலாவது, ஹிஸ்டோனைப் பற்றும் எதிர்ப்புரதங்களை மேற்பரப்பில் பொருத்திய நானோ துகள். இரண்டாவது, டிஎன்ஏவை வெட்டும் டிஎன்ஏஸ் நொதி. மூன்றாவது, திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெராட்ரால் என்ற பொருளும் மிகச் சிறிதளவு தாமிரமும் சேர்ந்த கலவை. மூன்றுமே கீமோவின் பாதிப்பைக் குறைத்தன. முதலாவது மட்டுமே நானோ பொருள். அது மின்னேற்றத்தை நம்பாமல் எதிர்ப்புரதத்தை நம்புவதால், நேர்மின் பாலிமர்களைவிடக் குறி தவறுவது குறைவு. ஆனால் எதிர்ப்புரதம் விலை மிக்கது. ஊசி வழியாகவே செலுத்தப்பட வேண்டும்.

எளிய மூன்றாவது பொருளே மனிதர்களிடம் சென்றது. ரெஸ்வெராட்ரால் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருளாகப் பெயர்பெற்றது. தாமிரத்தோடு சேரும்போது அது நேர்மாறாகச் செயல்படுகிறது. தாமிர அயனிக்கு ஓர் எலெக்ட்ரானைத் தந்து, அதன் வழியே ஆக்சிஜன் தனியுறுப்புகளை உண்டாக்குகிறது. அவை டிஎன்ஏவைத் துண்டாக்குகின்றன. தாவரப் பொருள்களும் தாமிரமும் சேர்ந்து டிஎன்ஏவை முறிப்பதை அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் எஸ்.எம். ஹாதியின் குழு விரிவாக ஆராய்ந்திருந்தது. மும்பை ஆய்வுகளில் ஒரு வேளைக்குப் பெரும்பாலும் தரப்பட்டது 5.6 மில்லிகிராம் ரெஸ்வெராட்ராலும், அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கான 560 நானோகிராம் தாமிரமும்தான். எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்கு வீரியமான கீமோ பெற்ற 25 பேரிடம் நடந்த ஆய்வில் கடும் வாய்ப்புண் குறைந்தது. வாய்ப் புற்றுநோயாளிகளிடமும், மூளைப் புற்றான கிளியோபிளாஸ்டோமா உள்ளவர்களிடமும் அறுவைக்கு முன் சில நாள்கள் இக்கலவை தரப்பட்டது. வெட்டியெடுத்த கட்டிகளில் குரோமாட்டின் குறைந்திருந்தது, புற்றின் தீவிரத்தைக் காட்டும் குறியீடுகளும் தாழ்ந்திருந்தன. ஒவ்வோர் ஆய்விலும் பங்கேற்றவர்கள் இருபது, இருபத்தைந்து பேர்தான். அவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்களா என்ற கேள்விக்கு விடை தரும் ஆய்வுகளல்ல இவை.

2024 பிப்ரவரியில் இந்தக் கலவை, புற்றுநோய் திரும்ப வருவதைத் தடுக்கும் நூறு ரூபாய் மாத்திரை என்று நாளேடுகளிலும் தொலைக்காட்சிகளிலும் பரவியது. மனிதர்களில் பெரிய ஒப்பீட்டு ஆய்வு நடக்காத நிலையில் இப்படி அறிவித்ததைப் பல புற்றுநோய் மருத்துவர்கள் கண்டித்தனர். அந்தக் கண்டனம் நியாயமானது. கருத்து புதுமையானது, மலிவானது, எலிகளில் பலன் தந்தது என்பதால் மட்டும் அது மருந்தாகிவிடாது.

பிடிக்க வேண்டிய மூலக்கூறு எது என்று தெரியாதபோதும் அகற்ற முடியும் என்று காட்டியது சான் டியேகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லியாங்ஃபாங் ஜாங் குழு. சிவப்பணுவின் சவ்வை உரித்து, பிஎல்ஜிஏ துகளின் மேல் போர்த்தினார்கள்; போர்த்திய துகளின் அளவு சுமார் 85 நானோமீட்டர். பாக்டீரியா உமிழும் நச்சுப் புரதம் சிவப்பணு என்று நம்பி அத்துகளில் ஏறிச் சிக்கிக்கொள்கிறது. 2013-இல் வெளியான இந்த நானோ பஞ்சு, எலிகளைக் கொல்லக்கூடிய அளவு நச்சையும் சமாளித்தது. 2018-இல் அதே குழு நியூட்ரோஃபில்லின் சவ்வைப் போர்த்திய துகளைச் செய்தது. நியூட்ரோஃபில்லை நாடிவரும் அழற்சிப் புரதங்கள் எல்லாம் இந்தப் போலி அணுவில் ஒட்டிக்கொள்ள, எலிகளின் மூட்டுகள் சேதமின்றிக் காக்கப்பட்டன. ஒரு புரதத்தை மட்டும் தடுக்கும் மருந்து சிலருக்குப் பலிப்பதில்லை. நோயாளிக்கு நோயாளி மேலோங்கும் புரதம் வேறுபடுகிறது. பல புரதங்களை ஒரே நேரத்தில் ஏந்தும் துகளுக்கு அந்தக் குறை இல்லை. இந்த வகைதான் கூடுதல் நம்பிக்கை தருகிறது.

டிஎன்ஏ, புரதங்கள் ஆகியவற்றுக்கு அடுத்து, வினைமிகு ஆக்சிஜன் மூலக்கூறுகள் மூன்றாவது இலக்கு. ஹைட்ரஜன் பெராக்சைடு, சூப்பராக்சைடு போன்ற இவற்றைப் பிடித்து வைக்கத் தேவையில்லை. நீராகவும் ஆக்சிஜனாகவும் மாற்றிவிட்டால் போதும். உடலின் நொதிகள் செய்யும் இந்த வேலையைச் சில உலோக ஆக்சைடு நானோ துகள்களும் செய்கின்றன. இவற்றுக்கு நானோசைம் என்று பெயர். சீரியம் ஆக்சைடு துகளின் மேற்பரப்பில் சீரியம் அயனிகள் இரு மின்னேற்ற நிலைகளுக்கு இடையே மாறி மாறிச் செல்வதால், ஒரே துகள் மீண்டும் மீண்டும் வேலை செய்கிறது. அந்தச் சீரியம், குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள மோனசைட் கனிமத்தில் நிறைய உண்டு. நானோசைம் துறையில் முன்னணியில் நிற்பவர்களுள் ஒருவர் தமிழ்நாட்டில் பிறந்து பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பணியாற்றும் கோவிந்தசாமி முகேஷ். வனேடியம் பென்டாக்சைடு நானோ இழைகள் குளுட்டத்தயோன் பெராக்சிடேஸ் நொதியைப் போலச் செயல்படுவதை அவருடைய குழு 2014-இல் காட்டியது. பின்னர் ஒரே துகள் மூன்று நொதிகளின் வேலையைச் செய்வதை மாங்கனீசு ஆக்சைடில் காட்டியது. 2019-இல் அவருக்கு இன்ஃபோசிஸ் பரிசு வழங்கப்பட்டது.

வினைமிகு ஆக்சிஜன் மூலக்கூறுகளை அகற்றுவது அழற்சி நோய்களில் நல்லது. புற்றுநோயில் அது இருமுனைக் கத்தி. எதிர்ப்புச் செல்லும் கீமோ மருந்துகளும் கதிர்வீச்சும் புற்றுச் செல்லைக் கொல்வது ஓரளவு இந்த மூலக்கூறுகளால்தான். அவற்றை அகற்றினால் புற்றுச் செல்லும் தப்பிவிடக்கூடும். பின்லாந்தில் புகைபிடிக்கும் 29 ஆயிரம் ஆண்களிடம் நடந்து 1994-இல் வெளியான ஆய்வில், ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பீட்டா கரோட்டின் மாத்திரை உண்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடுதலாக வந்தது. நல்லது செய்யும் என்று நம்பித் தரப்பட்ட மாத்திரை அது.

அழற்சி மூலக்கூறுகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். தீய மூலக்கூறு என்று தனியாக ஒன்று பெரும்பாலும் இல்லை; இருக்க வேண்டிய அளவுக்கு மேல், இருக்கக் கூடாத இடத்தில் இருப்பதே தீமை. டிஎன்எஃப் புரதத்தைப் பற்றி அகற்றும் இன்ஃபிளிக்சிமாப் 1990-களின் இறுதியில் முடக்குவாத சிகிச்சைக்கு வந்தது. பலரை எழுந்து நடக்கவைத்தது. ஆனால் காசநோய்க் கிருமியை நுரையீரலில் சிறைவைத்திருப்பதும் அதே டிஎன்எஃப்தான். அம்மருந்து பெற்ற சிலருக்கு அடங்கியிருந்த காசநோய் எழுந்ததை 2001-இல் மருத்துவர்கள் பதிவு செய்தனர். காசநோய் பரவலாக உள்ள நம் நாட்டில் இம்மருந்தைத் தொடங்குமுன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம். ஒரு புரதத்தை அகற்றுவதிலேயே இவ்வளவு கவனம் தேவையென்றால், பல புரதங்களை ஒருசேர அள்ளும் நானோ பஞ்சுக்கு எவ்வளவு தேவைப்படும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். நியூட்ரோஃபில் வலையை முற்றிலும் கலைத்துவிட்டால் கிருமி தப்பும்.

துகள் தன் வேலையை முடித்தபின் எங்கே போகிறது என்பதும் பெரிய கேள்வி. ஏறத்தாழ 6 நானோமீட்டருக்குக் குறைவானவை சிறுநீரில் வெளியேறும். பெரியவை கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள விழுங்கு செல்களிடம் சேரும். பிஎல்ஜிஏ மக்கிவிடும், உலோக ஆக்சைடுகள் மாதக்கணக்கில் தங்கக்கூடும். முடக்குவாதம் போன்ற நோய்க்கு ஆண்டுக்கணக்கில் மருந்து தர வேண்டியிருப்பதால், தேங்கும் துகளின் நீண்டகால விளைவு தெரியாமல் அதை மனிதர்களுக்குத் தர முடியாது. ஒவ்வொரு முறையும் ஒரே அளவில், ஒரே மின்னேற்றத்தில் துகளைப் பெருமளவில் தயாரிப்பதும் எளிதல்ல.

இதே கருத்தில் மருத்துவத்துக்குள் வந்துவிட்ட பொருள்களும் உண்டு. டிஎன்ஏஸ் நொதி, நுரையீரலில் கோழையைக் கெட்டியாக்கும் டிஎன்ஏவை வெட்டுவதற்காக, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோய்க்கு 1993-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உடலுக்கு வெளியே இரத்தத்தைச் செலுத்தி அழற்சிப் புரதங்களை ஒட்டவைக்கும் பாலிமர் மணிக் குடுவைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் உள்ளன. அவை உயிர்களைக் காக்கின்றனவா என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்பேட்டை–சேலம் நெடுஞ்சாலையில் உள்ள எலவனாசூர்கோட்டை போன்ற ஊர்களிலிருந்து புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் உயர்சிகிச்சை வேண்டுவோர் கள்ளக்குறிச்சிக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ சென்னைக்கோ செல்கிறார்கள். இங்கே சொன்ன நானோ துகள்களில் எதுவும் இந்த மருத்துவமனைகளின் மருந்துச் சீட்டில் இன்று இல்லை. ரெஸ்வெராட்ரால் மாத்திரையும் தாமிர மாத்திரையும் இணையக் கடைகளில் ஊட்டச்சத்து என்ற பெயரில் விற்கப்படுகின்றன. ஆய்வில் தந்த அளவைவிட அவற்றில் பல மடங்கு இருக்கும்; இரண்டும் சேர வேண்டிய விகிதமும் அவற்றில் கிடையாது. கீமோவோ கதிர்வீச்சோ பெற்றுவரும் எவரும் அவற்றைத் தாமாக வாங்கி உண்ண வேண்டாம். ஏற்கெனவே உண்டு வந்தால், அடுத்த முறை செல்லும்போது சிகிச்சை தரும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.